அரசர் அமர்ந்த பாய்

முன்னொரு காலத்தில், கடலோர நாடு ஒன்றை ஆண்ட அரசருக்கு எதிலும் தாமே முதல் ஆளாக இருக்க வேண்டும். புது மழையில் அவர் நனைந்த பிறகுதான் ஊரார் முற்றத்துக்கு வரலாம்.

ஒருநாள் கப்பல் வணிகன் ஒருவன் அந்நாட்டில் யாரும் கண்டிராத பழம் ஒன்றைக் காணிக்கை வைத்தான். உடலெல்லாம் கண். தலையில் கத்தி கத்தியாக இலை. பெயர் அன்னாசி என்றான். உப்புத் தடவித் தின்ன வேண்டும் என்றும் சொன்னான். பழத்தின் மணத்தில் அவை கிறங்கியிருந்தது. உப்புப் பேச்சைக் காதில் வாங்கியவன் விதூஷகன் தத்தன் மட்டுமே.

"எனக்கு முன் இதை எந்த நாவும் தொடக் கூடாது. மீறினால் கழுமரம்," என்றார் அரசர்.

அரண்மனையில் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. அரசரின் உணவை முதலில் ஒருவன், வாசலருகே கோரைப்பாயில் அமர்ந்து உண்பான். ஒரு நாழிகை எல்லோரும் அவனையே பார்த்திருப்பார்கள். அவன் சாகாவிட்டால் அரசர் உண்பார். சுவை பார்க்காததைப் படைத்தவனுக்கும் கழுமரம்தான்.

அந்தப் பாயில் கடைசியாக உயிர்விட்டவன் தத்தனின் அண்ணன் சேந்தன். போன மாதம் மீன்குழம்பு தின்று பாயிலேயே சுருண்டான். அன்று அரசர் வேறு குழம்பு கேட்டார்.

தத்தனின் கேலிகளைப் பொறுக்காத அமைச்சர் விழுப்பரையர் எழுந்தார். பழத்தைப் பரிமாறும் பெருமை தத்தனுக்கே உரியது என்றார். சுவைத்தாலும் கழு, சுவைக்காவிட்டாலும் கழு. அரசர் தலையசைத்தார்.

"பழம் இனிக்குமா, தத்தா?" என்று குனிந்து கேட்டார் விழுப்பரையர்.

"கழுவேறிய பின் சொல்கிறேன், ஐயா."

தத்தன் பழத்தை அரிந்தான். உப்பைத் தொடவில்லை. தட்டைக் கொண்டுபோய்ப் பாயின் முன் வைத்தான்.

"மன்னா, முதலில் சுவைப்பவர் அமரும் இடம் இது. முடியை அரியணையில் வைத்துவிட்டு வாருங்கள். இங்கே உண்ணுங்கள். நாழிகை கழிந்ததும் அரியணை ஏறி மறுபடி உண்ணுங்கள். ஆணையும் நிற்கும், வழக்கமும் நிற்கும்."

ஆசை அரசரை இறக்கியது. பாயில் அமர்ந்து தின்றார். இனித்தது. இன்னும் தின்றார். பிறகு நாக்கில் ஊசி ஊசியாகக் குத்தியது. உதட்டைத் துடைத்தார். விரலில் இரத்தம்.

எழப் போனார்.

"நாழிகை ஆகவில்லை, மன்னா," என்றான் தத்தன்.

யாரும் அருகே வரவில்லை. வழக்கப்படி அவர் முகத்தையே பார்த்திருந்தார்கள். இளவரசர் மட்டும் அரியணையில் கிடந்த முடியைப் பார்த்தார். விழுப்பரையர் மெல்ல நகர்ந்து இளவரசர் பக்கத்தில் போய் நின்றார். பாயிலிருந்து அரசர் அதைக் கண்டார்.

நாழிகை கழிந்தது. அரசர் சாகவில்லை. மீதித் துண்டுகளில் உப்புத் தடவித் தத்தன் அரியணைக்குக் கொண்டுபோனான். இந்த முறை குத்தவில்லை. அரசர் சிரித்தார். சிரித்துக்கொண்டே விழுப்பரையரின் முத்துமாலையைக் கழற்றச் சொல்லித் தத்தன் கழுத்தில் போட்டார்.

"அந்தப் பாய் கொடியது, தத்தா. இன்றுதான் தெரிந்தது. அதில் இனி முட்டாள்களை அமர்த்தக் கூடாது. நீ இரு."

அவை சிரித்தது. தத்தன் மாலையோடு போய் அமர்ந்தான். பாயில் அரசரின் சூடு இன்னும் இருந்தது.