அறுபத்திரண்டு மீட்டர்

"ஒன்பது செகண்டுக்கா! வெறும் ஒன்பது செகண்டுல ரெக்கார்டு போச்சே!"

ஜெசிந்தா கழுத்துப் பதக்கத்தைக் கழற்றி மேசைமேல் போட்டாள். நகர மாரத்தானில் பெண்களில் முதலாவதாக வந்தவள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

எதிரே குணவதி. எட்டு வருஷமாக அவளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுப்பவள். மாரத்தானின் சாதனைப் பதிவேடும் அவள் பொறுப்பில்தான் இருந்தது. அதன் முதல் பக்கத்தில், பெண்கள் சாதனை என்ற வரியில், பத்தொன்பது வருஷமாக அசையாமல் உட்கார்ந்திருப்பதும் அவள் பெயர்தான்.

"எனக்கு முப்பத்தெட்டு ஆச்சு. பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சது போக மிச்ச நேரத்துல ஓடுறேன். இனிமே இந்த வேகம் வராதுக்கா. உங்க ரெக்கார்டை நான் எப்பத் தொடுறது?"

குணவதி பதிவேட்டைப் புரட்டி, தான் ஓடிய வருஷத்துப் பாதையின் வரைபடத்தை உருவி எடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை விடியக்காலம் வா."

புதுப் பயிற்சி ஏதோ இருக்கிறது என்று ஜெசிந்தா துள்ளிக்கொண்டு போனாள். போய்ப் பார்த்தால், குணவதி தன் சைக்கிளின் முன்சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் சின்னக் கருவியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக்கா இது?"

"நான் ஓடுன பாதையை அளக்கணும். நீ ஓட்டு, நான் பின்னாடி வண்டியில வர்றேன்."

"அதான் அப்பவே அளந்தாச்சே!"

"ஜீப்புல."

அந்த மாரத்தானில் அப்படி ஒரு வழக்கம். ஊரில் எப்போதும் எதையாவது தோண்டிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் பாதை வருஷா வருஷம் மாறும். மாறிய பாதையைப் போட்டிக் குழுவின் ஜீப் ஒரு தடவை சுற்றி வரும். ஜீப்பின் மீட்டர் காட்டியதுதான் தூரம். யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை.

முதல் வளைவிலேயே குணவதி கத்தினாள்.

"நடு ரோட்டுல போகாதே! ஓரத்தை ஒட்டிப் போ. ஓடுறவ அப்படித்தானே ஓடுவா?"

"ஜீப் நடுவுலதானே போயிருக்கும்?"

"அதுக்குத்தான் சொல்றேன். வளைவுல நடுவுல போனா தூரம் கூடக் காட்டும்."

வெயில் ஏறும்போது கணக்கு வந்தது. மாரத்தான் தூரத்துக்கு அறுபத்திரண்டு மீட்டர் குறைவு.

"மறுபடி அளப்போம்," என்றாள் குணவதி.

அடுத்த ஞாயிறும் அதே அறுபத்திரண்டு.

கண்டக்டருக்கு மனக்கணக்கா வராது? அறுபத்திரண்டு மீட்டர் ஓடப் பதினைந்து செகண்டாவது ஆகும்; அவள் தவறவிட்டதோ ஒன்பதுதான். ஜெசிந்தாவுக்குச் சந்தோஷம் பொங்கியது. உடனே தன்மேலேயே வெட்கமாகவும் இருந்தது.

"முன்னாடியே தெரியுமாக்கா?"

"சந்தேகம் இருந்துச்சு. அளந்து பார்க்கத்தான் மனசு வரல. அன்னைக்கு நீ அழுதியே, அப்பத்தான் வந்துச்சு."

"விடுங்கக்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

குணவதி அறைக்கு வந்து பதிவேட்டைத் திறந்தாள். ஸ்கேலை வைத்து, தன் பெயரின் மேல் ஒரு சிவப்புக் கோடு போட்டாள். கோடு கொஞ்சம்கூடக் கோணவில்லை. பத்தொன்பது வருஷத்துப் பெருமையை அப்படி நடுங்காமல் அடிக்க எத்தனை பேருக்குக் கை வரும்?

பேனாவை ஜெசிந்தா பக்கம் நீட்டினாள் குணவதி.

"உன் பேரை எழுது."

எட்டு வருஷக் கனவு. ஜெசிந்தா குனிந்து முதல் எழுத்தை எழுதினாள்.

பேனா அங்கேயே நின்றது.

"அக்கா, இந்த வருஷப் பாதையையும் ஜீப்புலதானே அளந்தாங்க?"

குணவதி ஆமாம் என்று தலையாட்டினாள்.

ஜெசிந்தா பேனாவை மூடி வைத்தாள்.

"சைக்கிள் சாவியைக் குடுங்கக்கா."