கப்பலிலிருந்து திரும்பிய பெட்டி

வெடிமருந்துக் கிடங்கின் வாசலில் தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செல்போனையும் கொடுத்துவிட வேண்டும். ரெமிஜியுஸுக்கு இந்த இரண்டாவது விதி ரொம்பப் பிடித்திருந்தது. உள்ளே இருக்கும்வரை பிரகாசி கூப்பிட்டாலும் கேட்காது.

பிரகாசி அவன் மனைவி. நல்லவள், பாவம்.

அவன் இருந்த போர்க்கப்பலைப் பழுதுபார்க்கக் கொண்டுபோகிறார்கள். அப்படிப் போகிற கப்பலில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. அதனால் குண்டுகளும் ஏவுகணைகளும் கரைக்கு இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றோடு ரெமிஜியுஸையும் கிடங்கு வேலை பழகிக்கொள்ள அனுப்பியிருந்தார்கள்.

பழக்கிவிடுகிறவள் செண்பகவல்லி. வயதில் அவனுக்குத் தங்கை மாதிரி. அவன் மேடம் என்பான், அவள் அண்ணே என்பாள். ஆனாலும் கிடங்குக்குள் அவள் வைத்ததுதான் சட்டம்.

அன்று காலை கிரேன் ஒரு நீளப் பெட்டியை இறக்கியது. உள்ளே ஏவுகணை. ஏவாமலே திரும்பி வந்திருந்தது. ரெமிஜியுஸ் வண்டியை நேரே பெரிய கிடங்குக்கு விடச் சொன்னான்.

"நிறுத்துங்க அண்ணே! எங்க கொண்டு போறீங்க?"

"இது முன்னால இருந்த இடத்துக்குத்தான் மேடம்."

"கப்பல்ல இருந்து வந்ததை நேரா உள்ள வைக்கிறதா? நல்லா இருக்கே!"

"அதுக்கு என்ன ஆச்சு? சும்மா போச்சு, சும்மா வந்திருக்கு."

"சும்மாவா?" அவள் சிரித்துவிட்டாள். "எத்தனை மாசம் எஞ்சினோட சேர்ந்து அதிர்ந்துக்கிட்டே கிடந்திருக்கும்! வெயில், உப்புக்காத்து, புயல் எல்லாம் பார்த்திருக்கும். வெளியில பெயிண்ட்கூட உதிரலை. உள்ள என்னன்னு யாரு கண்டா?"

வண்டி திரும்பியது. வேலியோரம் மண்மேட்டுக்கு நடுவில் தனியாக ஒரு அறை உண்டு. உள்ளே குளுகுளுவென்று இருக்கும். கடலிலிருந்து வந்தவை முதலில் அங்கேதான் தங்கும். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மற்றவர்கள் போனார்கள்.

"சீக்கிரம் திறந்து பார்த்துரலாம் மேடம். சாயங்காலம் நான் போகணும்."

"எங்க?"

"நாளைக்கு ஒரு கப்பல் கிளம்புது. ஆள் குறையுதாம். இன்னைக்குப் பேர் கொடுத்தா ஏத்திக்குவாங்க."

"வந்து ஒரு வாரம்கூட ஆகலையே! வீட்டுல சொல்லியாச்சா?"

அவன் பெட்டியைத் திறக்கக் குனிந்தான். செண்பகவல்லி பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"தொட்டுப் பாருங்க."

தொட்டான். வெயிலில் வந்த சூடு அப்படியே இருந்தது.

"இது ஆறணும். அதுவரைக்கும் திறக்க மாட்டோம். உக்காருங்க."

பெட்டிக்கு இந்தப் பக்கம் அவனும் அந்தப் பக்கம் அவளும் உட்கார்ந்தார்கள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் வாயே திறந்திருக்க மாட்டான்.

வெகுநேரம் கழித்து அவனாகவே சொன்னான். "முந்தாநாள் என் பிள்ள பின்னால வந்து பலூனை உடைச்சா மேடம். விளையாட்டுக்குத்தான். கப்பல்ல அபாய மணி அடிச்சா கண்ணு முழிக்கிறதுக்கு முன்னாடி காலு ஓடும். அந்தப் பழக்கம். யாருன்னுகூடப் பார்க்காம கையைப் பிடிச்சு முறுக்கித் தள்ளிட்டேன். சுவத்துல போய் மோதிட்டா, எங்க ஆஷ்லின்."

"ஐயோ, அண்ணே!"

"இப்ப நான் வந்தாலே ஃபிரிட்ஜுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிறா. பிரகாசி ஒரு வார்த்தை திட்டலை. திட்டித் தொலைச்சிருந்தாகூடத் தேவலை. நான் அந்த வீட்டுக்கு ஆகாதவன் மேடம். கடல்ல கிடந்தா யாருக்கும் பயமில்லை."

அழுதான். பெரிய உருவம், குலுங்கிக் குலுங்கி அழுதது. செண்பகவல்லிக்கும் கண் கலங்கிவிட்டது. அவள் தன் தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

குடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். பெட்டியைப் பார்த்தான்.

"இதை இங்க வச்சு என்ன செய்வீங்க?"

"மொதல்ல ஒண்ணும் செய்ய மாட்டோம். தட்ட மாட்டோம், உருட்ட மாட்டோம். அப்பப்ப யாராவது வந்து பார்த்துட்டுப் போவோம். அப்புறம் மெதுவாத் திறந்து, எது தளர்ந்திருக்கோ அதைச் சரி பண்ணுவோம்."

"கிட்ட வர்றவங்களுக்குப் பயமா இருக்காதா?"

"இருக்கும். இருந்தாலும் வருவோம்ல."

"அதுக்கப்புறம்?"

"மத்ததோட வரிசையில சேர்த்துருவோம்."

அவன் மறுபடி தொட்டுப் பார்த்தான். சூடு கொஞ்சம் குறைந்திருந்தது.

"இவ்வளவு பாடு எதுக்கு மேடம்? பேசாம இன்னொரு கப்பல்ல ஏத்தி விட்டுரலாமே."

"ஏத்தவே மாட்டோம். திரும்பி வந்ததை உள்ள பார்க்காம எந்தக் கப்பலுக்கும் கொடுக்க மாட்டோம் அண்ணே."

சாயங்காலம் இருவரும் வாசல்வரை சேர்ந்தே நடந்தார்கள். இடது பக்கம் போனால் கப்பல் துறை. வலது பக்கம் குடியிருப்பு. காவலாளி தீப்பெட்டியைக் கொடுத்தார், செல்போனைக் கொடுத்தார். கையில் வாங்கியதுமே அது அடித்தது. பிரகாசிதான். ரெமிஜியுஸ் அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"எடுத்து என்ன சொல்றது மேடம்?"

"திரும்பி வந்துட்டேன்னு சொல்லுங்க" என்றாள் செண்பகவல்லி.