கல்தூணான மருதன்

வெகுகாலத்துக்கு முன்னால், கேட்கிறீர்களா, செவ்வந்திபுரம் என்றொரு ராஜ்யம் இருந்தது. அங்கே அரண்மனைக்கு வேலை தேடிப் போன மருதன் என்ற வாலிபன் திரும்பவேயில்லை. அவன் தாய் ஏங்கி ஏங்கியே படுத்தாள், ஐப்பசி மழையில் கண்ணை மூடினாள். தங்கை அரும்பு தனியாளானாள். அண்ணனையும் தேட வேண்டும், வயிற்றுக்கும் வழி வேண்டும். அழுத கண்ணோடு அரண்மனைக்குப் புறப்பட்டாள்.

அங்கே ராஜாவை உறங்க வைத்துவிட்டு, காளகண்டன் என்ற மந்திரவாதிதான் ஆள் எடுத்துக்கொண்டிருந்தான். மூன்று மூன்று பேராக உள்ளே விட்டான். அரும்போடு இன்னும் இருவர் நுழைந்ததும் கதவு சாத்திக்கொண்டது.

"உனக்கு ஒளிபரவல் ஒருங்கிணைப்பாளர் பதவி. சம்மதமா?"

முதலில் நின்றவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்க வெட்கம். "சம்மதம்" என்றான். சொன்ன மாத்திரத்தில் விளக்குத்தண்டாகிப் போனான்.

"உனக்கு எதிரொலி மேலாளர் பதவி. சம்மதமா?"

அடுத்தவளும் வெட்கப்பட்டாள். "சம்மதம்" என்றாள். வெண்கல மணியாகத் தொங்கினாள்.

"உனக்கு நிலைபேற்று நிர்வாகி பதவி. சம்மதமா?"

அரும்புக்கும் புரியவில்லை. ஆனால் அவள் கேட்டாள். "அப்படின்னா என்ன வேலைங்கய்யா?"

"அடித்தள வலுவூட்டல்!"

"அப்படின்னா என்ன வேலைங்கய்யா?"

"ஓயாத நிலைப்பாட்டு அர்ப்பணிப்பு! இதுகூடத் தெரியாமலா வேலை கேட்டு வந்தாய்?"

அவமானத்தில் அவள் முகம் எரிந்தது. ஆனாலும் விடவில்லை. "தெரியலைங்க. அப்படின்னா என்ன வேலைங்கய்யா?"

புரியாமல் சொல்லும் சம்மதத்தில்தான் அவன் மந்திரத்துக்கும் அவனுக்கும் உயிர். மூன்றாம் முறை கேட்டால் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். "கல்தூணா நிக்கணும்! காலமெல்லாம் இந்தக் கூரையைத் தாங்கணும்!" என்று அலறினான். அலறியவன் அப்படியே புகையாகிக் கலைந்தான்.

விளக்கு ஆளாயிற்று. மணி பெண்ணாயிற்று. ஓரத்துத் தூணிலிருந்து மருதன் இறங்கி வந்தான். போன அன்றைக்கு இருந்த அதே முகம்.

"நீ ஏன் தனியா வந்தே? அம்மா எங்கே?"

அவனுக்கு ஒரே ஒரு நாள்தான் கழிந்திருந்தது. அரும்பு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா இல்லைண்ணா."

விழித்தெழுந்த ராஜா, "என்ன வேண்டும், கேள் மகளே" என்றார்.

"வேலை தேடி வர்றவங்களுக்கு, அது என்ன வேலைன்னு புரியிற மாதிரி சொல்ற வேலை வேணும், மகாராஜா."

கொடுத்தார். அண்ணனுக்கும் அரண்மனைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. அதன்பின் அவர்கள் பசியறியாமல் வாழ்ந்தார்கள்.

ஆனால் அன்று மாலை இருவரும் போனது ஆற்றங்கரைக்கு. அம்மாவை எரித்த இடத்தில் புல் முளைத்திருந்தது. மருதன் அதைத் தடவியபடி உட்கார்ந்தே இருந்தான். எழுப்ப அரும்புக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் அவளும் உட்கார்ந்துகொண்டாள்.