இரண்டு முறை திறந்த என்ஜின்

போடியிலிருந்து மலைக்கு ஏறுகிற சாலையில், மாந்தோப்புகள் முடிந்து முதல் கொண்டை ஊசி வளைவு வருவதற்குச் சற்று முன்னால் ஹாஜிராவின் பட்டறை இருக்கிறது. அந்தப் பக்கம் ஜீப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஆனால் என்ஜினைக் குடல்வரை பிரித்துக் கோக்க வேண்டும் என்றால் மலை ஓட்டுநர்கள் இவளைத்தான் தேடி வருவார்கள்.

ஹாஜிராவுக்கு முப்பத்து நாலு வயது. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்து, கரூர் பக்கம் ஒரு கல்குவாரியின் லாரி ஷெட்டில் வேலை பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பிச் சொந்தமாகப் பட்டறை போட்டவள். ஒரு பெண்பிள்ளையிடம் வண்டியை விடுவதா என்று ஆரம்பத்தில் யோசித்தவர்கள் உண்டு. அவள் கட்டிய என்ஜின்கள் மலை ஏறி இறங்கி அந்த யோசனையைத் தீர்த்துவைத்தன. இப்போது எல்லோருக்கும் அவள் மேஸ்திரி.

அவளிடம் தொழில் கற்க வந்த சுருளிவேலுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பை வாலிபத்திலிருந்தே ஓட்டியவர். இடது முழங்கால் தேய்ந்து, கிளட்சை மிதிக்க முடியாமல் போனபோது, சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு நேராக இங்கே வந்து நின்றார். இந்த வயதில் எதற்கு என்று ஹாஜிரா கேட்டாள்.

"இத்தனை வருசமா அதுக்கு மேல உக்காந்திருந்தேன். உள்ளே என்ன நடக்குதுன்னு பாக்கவே இல்ல. பாத்துடணும்னு தோணுது."

ஹாஜிரா மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்த நட்டுகளை ஒரு தட்டோடு அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் உட்கார்ந்து கழுவத் தொடங்கினார்.

கற்றுக்கொள்வதில் அவர் மந்தமில்லை. கையில் நிதானம் இருந்தது. எதையும் போட்டது போட்டபடி விட்டுப் போகமாட்டார். ஒரு பழக்கம் மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை. ஒரு போல்ட்டை முறுக்கினால், "போதுமா மேஸ்திரி?" என்பார். ஒரு மூடியைத் துடைத்தால், "போட்டுறலாமா மேஸ்திரி?" என்பார். அவள் தலையசைத்த பிறகுதான் அடுத்த வேலை. அவள் சாமான் வாங்கத் தேனிக்குப் போயிருந்தால், ஸ்பேனரைக் கையில் பிடித்தபடியே காத்திருப்பார். சுருளியண்ணன் மூச்சு விடுவதற்கும் மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டுதான் விடுவார் என்று ஓட்டுநர்கள் கேலி செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒருநாள் வேலை முடிந்து இருவரும் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

"மேஸ்திரி, நான் எப்ப மெக்கானிக் ஆவேன்?"

"அந்தச் சோப்பை இப்படித் தள்ளுங்கண்ணே" என்றாள் ஹாஜிரா.

அவ்வளவுதான் பதில்.

அந்த வாரக் கடைசியில் மஞ்சம்பாறை ஜீப்பை ஒரு டிராக்டர் இழுத்துக்கொண்டு வந்தது.

மஞ்சம்பாறை மலைக்கு மேலே உள்ள சின்ன ஊர். அந்த ஜீப் தனி ஆளுடையது அல்ல, ஊருக்கே சொந்தம். தகரத்தில் தகரம் ஒட்டி, ஒட்டிய இடமும் துருப்பிடித்த பழைய வண்டி. இதை எடைக்குப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள் என்று வழியில் ஒருவர் சொல்லியிருக்கிறார். வண்டிக்குப் பொறுப்பான பேச்சியம்மாள் அதைப் பட்டறையில் இறங்கியதும் இறங்காததுமாக, இன்னும் கோபம் ஆறாமல் சொன்னாள்.

"நாங்க பாறையை உடைச்சு, கல்லைத் தலையில சுமந்து பாதை போட்டோம். அந்தப் பாதையில முதமுதல்ல ஏறுனது இந்த வண்டி. இதைப் போயி எடைக்குப் போடுன்னா எப்படி?"

போன மழைக்காலத்தில் அது நடுமலையில் கரும்புகை கக்கி நின்றுவிட்டது. உள்ளே பிரசவ வலியோடு ஒரு பெண். நாலு பேர் கம்பளியில் தொட்டில் கட்டி அவளைச் சுமந்து இறங்கினார்கள். பாதி வழியில், ஒரு பாறை மறைவில் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது தெய்வச் செயல் என்றாள் பேச்சியம்மாள். இந்த மழைக்கு அவளுடைய மருமகள் நிறைமாதம். சாமியை இன்னொரு தரம் சோதிக்கக் கூடாது என்று அவள் சொன்னாள்.

ஹாஜிரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பேச்சியம்மாள் நீட்டிய சாவியை வாங்கி, அப்படியே சுருளிவேலின் கையில் வைத்தாள்.

"இது உங்க என்ஜின்ணே."

அவர் சாவியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் வேறு வண்டிக்குப் போய்விட்டிருந்தாள்.

சுருளிவேல் அந்த என்ஜினைப் பிரித்தார். எண்ணெய் தார் மாதிரி இறுகியிருந்தது. பிஸ்டன் ரிங்குகள் ஒடிந்து பள்ளத்திலேயே ஒட்டிக்கிடந்தன. பிஸ்டன் ஏறி இறங்குகிற ஸ்லீவின் உள்சுவர் பூனை பிறாண்டியது போலக் கோடு கோடாக இருந்தது. கழற்றியதையெல்லாம் சாக்கில் வரிசையாகப் பரப்பி, எது எந்த இடத்தில் இருந்ததோ அந்த ஒழுங்கிலேயே வைத்தார். கிராங்க் தண்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கூடவே நின்று கடைந்து வாங்கிவந்தார். புது ஸ்லீவ், புது பிஸ்டன், புது ரிங். பேரிங்குகளைத் துடைப்பதற்கென்று வீட்டிலிருந்து தன் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து எடுத்து வந்தார். பட்டறைக் கழிவுப்பஞ்சில் நூல் உதிரும் என்று அதைத் தொடவில்லை.

ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டார். போதுமா மேஸ்திரி. போட்டுறலாமா மேஸ்திரி. அவள் எட்டிப் பார்த்துத் தலையசைப்பாள்.

ஸ்டார்ட் செய்கிற நாள் வந்தது. முதல் சுற்றில் என்ஜின் இருமி, வெள்ளைப் புகையை ஊதி அடங்கியது. இரண்டாம் சுற்றில் பிடித்துக்கொண்டது. முதலில் தடதடப்பு. பிறகு மெல்ல மெல்ல ஒரே சீரான ஓட்டம், களைப்பில்லாத ஆள் மலை ஏறுவதுபோல. சுருளிவேல் மட்கார்டில் கையை ஊன்றி நின்றார். அந்த அதிர்வு கை வழியாக ஏறி நெஞ்சுக்குள் இறங்கியது. எதிர் டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள். யார் கட்டியது என்று யாரோ கேட்டார்கள். "நான் கட்டுனது" என்று அவர் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

அன்றைக்கே பேச்சியம்மாளும் அவள் மகன் சடையனும் ஊர்க்காரர்கள் சிலரும் ரேஷன் மூட்டைகளோடு வந்து சேர்ந்தார்கள். செவ்வந்தி மாலையை ஜீப்பின் முகப்பில் போட்டார்கள். மிச்சமிருந்த சரத்தைச் சுருளிவேலின் கழுத்தில் போட்டார்கள். மலை உச்சியில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. நடுவழியில் ஓர் ஓடை உண்டு, பெருமழை இறங்கிவிட்டால் அதைத் தாண்ட முடியாது. வெள்ளம் வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும்.

கிளம்புவதற்கு முன் ஒருமுறை வளைவு வரை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று சடையன் வண்டியை எடுத்தான். சுருளிவேல் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏறும்போது வண்டி அழகாக இழுத்தது. திருப்பி இறங்கும்போது சடையன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான்.

டிக்.

காதில் கேட்டதா, பாதத்தில் உணர்ந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. மறுபடி மிதித்து விடச் சொன்னார். மறுபடியும் அது வந்தது. சடையனிடம் கேட்டார். தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றான்.

பட்டறைக்கு வந்ததும் ஹாஜிராவிடம் சொன்னார். அவள் நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை என்ஜினில் பல இடங்களில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துப் பொறுமையாகக் கேட்டாள். அவளே வண்டியை வளைவு வரை ஓட்டியும் பார்த்தாள். இறங்கி வந்து சொன்னாள்.

"எனக்குக் கேக்கலைண்ணே."

சுருளிவேல் கொஞ்ச நேரம் வண்டியின் முன்னால் நின்றார். பிறகு முகப்பிலிருந்த மாலையைக் கழற்றிச் சுவரில் ஆணியில் மாட்டினார். தன் கழுத்துச் சரத்தையும் கழற்றி அதன்மேல் போட்டார். ஆயில் பிடிக்கிற தட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இன்னைக்குப் போக வேண்டாம்மா" என்று பேச்சியம்மாளிடம் சொன்னார். "நான் திறந்து பாக்கணும்."

பேச்சியம்மாளுக்கு முகம் மாறிவிட்டது. மேகத்தைக் காட்டினாள். மேலே மருமகள் தனியாக இருப்பதைச் சொன்னாள்.

"மேஸ்திரியம்மாவே ஒண்ணும் இல்லைங்குது. நீ என்னய்யா இப்படிச் சொல்ற?"

"அவங்களுக்குக் கேக்கல. எனக்குக் கேக்குது. இந்தச் சத்தத்தோட உங்களை நான் ஏத்திவிட மாட்டேன்."

சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். ஹாஜிரா அடுத்த ஜீப்பின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இவர் ஸ்பேனருக்காகக் கையை நீட்டித் துழாவியபோது அதைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டாள். அது எப்படிக் கைக்கு வந்தது என்று அவர் பார்க்கவில்லை.

அடித்தகட்டைக் கழற்றினார். எண்ணெயை இறக்கினார். எண்ணெய் நிற்கிற அடிச்சட்டியைப் பிரித்து, பேரிங் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். புதுப் பாத்திரத்தின் உட்புறம் போல எல்லாம் பளபளத்தன. ஒரு கீறல் இல்லை. மேல்மூடியைத் திறந்து வால்வுகளைப் பார்த்தார். அங்கேயும் ஒன்றும் இல்லை. பொழுது சாயத் தொடங்கியது. ஊர்க்காரர்கள் மூட்டைகளின் மேல் சாய்ந்து உட்கார்ந்து அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது ஒரு கோளாறு தென்பட வேண்டும் என்று தான் ஆசைப்படுவது அவருக்கே உறைத்தபோது வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் மறுபடி துடைத்து, மறுபடி முறுக்கி, மறுபடி மூடினார்.

இரவில் மழை பெய்தது. காலையில் விட்டிருந்தது. வண்டியை எடுத்தார்கள்.

டிக்.

சுருளிவேல் அங்கேயே நிறுத்தச் சொன்னார். ஈரச் சாலையில் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். கைக்கு எட்டியதையெல்லாம் பிடித்து ஆட்டிப் பார்த்தார். என்ஜினுக்குக் கீழே, கல் அடிக்காமல் இருக்க மாட்டியிருக்கும் அடித்தகடு ஒரு மூலையில் ஆடியது. ஓட்டை தேய்ந்து பெரிதாகியிருந்தது. அந்த மூலையின் தடித்த வாஷர் என்றைக்கோ விழுந்து தொலைந்திருக்கிறது. காலை எடுக்கும்போது என்ஜின் இலேசாகக் குலுங்க, தகடு தட்டுகிறது. அவ்வளவுதான் சத்தம். நேற்று இந்தத் தகட்டைக் கழற்றி மாட்டியபோது அவர் கவனம் முழுக்க என்ஜினுக்குள்ளேயே இருந்ததால் இது கண்ணில் படவில்லை.

வாஷர் ஒன்றைப் போட்டு இறுக்கினார். சத்தம் நின்றுவிட்டது.

டீக்கடையில் சேதி பரவ நேரமாகவில்லை. ஒரு வாஷருக்காக என்ஜினைப் பிரித்த மனுசன் என்று சிரித்தார்கள். முந்தின நாள் யாரிடமெல்லாம் "நான் கட்டுனது" என்று சொன்னாரோ அதே ஆட்கள் முன்னால் அவர் தலைகுனிந்து நடந்து வந்தார். பேச்சியம்மாள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. மூட்டைகளை ஏற்றச் சொன்னாள். ஹாஜிரா பட்டறைக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு, தானும் வருவதாகச் சொல்லிப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

ஓடையில் தண்ணீர் சிவந்து, அச்சுக்குச் சற்றுக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. சடையன் ஒரு கணம் தயங்கினான். சுருளிவேல் தலையசைத்தார். வண்டி இறங்கி, கற்களின் மேல் தவழ்ந்து, அக்கரையில் தண்ணீரை உதறிக்கொண்டு ஏறியது. அதற்கப்புறம்தான் உண்மையான ஏற்றம். கடைசி மேட்டில் எப்போதும் எல்லோரும் இறங்கித் தள்ளுவார்கள். பழக்கத்தில் ஓர் ஆள் இறங்கக் காலைத் தொங்கப்போட்டான். பேச்சியம்மாள் அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். வண்டி மூட்டைகளோடும் ஆட்களோடும், சுதி மாறாமல், அந்த மேட்டை ஏறி முடித்தது.

வண்டிச் சத்தம் முன்கூட்டியே ஊருக்குள் போயிருந்தது. பிள்ளைகள் கடைசி வளைவு வரை ஓடி வந்தார்கள். வயதானவர்கள் வாசலில் எழுந்து நின்றார்கள். நிறைமாத மருமகள் மெல்ல நடந்து வந்து பானட்டைத் தொட்டு, சூடு பட்டுக் கையை உதறிச் சிரித்தாள். பேச்சியம்மாள் இறங்கி, கூடிய கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ரெண்டு தரம் திறந்து பாத்துக் கட்டுன என்ஜினு இது. கீழ எந்த வண்டிக்கும் இப்படிப் பாத்தது கிடையாது. விசாரிச்சுக்கங்க."

ஊரார் சுருளிவேலைப் பார்த்தார்கள். அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கைகள் எண்ணெய்க் கறையோடு இருந்தன. அவற்றை மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பிறகு, சரிவைப் பார்த்த ஒரு பாறையில் ஹாஜிராவும் அவரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ கடுங்காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். அவருக்கு உள்ளே ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

"மேஸ்திரி, உள்ளே ஒண்ணும் இருக்காதுன்னு உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"தெரியும்னு சொல்ல முடியாது. அப்படித்தான் நெனச்சேன்."

"ஓடையில இன்னும் கொஞ்சம் தண்ணி ஏறியிருந்தா இவங்க கீழேயே கெடந்திருப்பாங்க. அந்தப் புள்ளை இங்க தனியாக் கெடந்திருக்கும்."

"ஆமா."

"உங்க பட்டறைப் பேரைச் சொல்லித்தான் டீக்கடையில சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும்."

அவர் காப்பித் தம்ளரைப் பாறையில் வைத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அப்புறம் எதுக்கு என்னைத் திறக்க விட்டீங்க?"

ஹாஜிரா அவரைப் பார்த்தாள்.

"திறக்கலாமான்னு நீங்க என்னை எங்கண்ணே கேட்டீங்க?"