தங்கத்தட்டும் திருக்கையும்

கடலோர ராஜ்யம் ஒன்றில் சேந்தபூபதி என்று ஒரு ராஜா. அவர் பிறந்தநாளுக்கு ஒரே ஒரு திருக்கை மீன், தங்கத்தட்டை விளிம்புவரை மூடிக் கிடக்கவேண்டும். தங்கம் துளி கண்ணில் பட்டாலும் சமையல்காரருக்குச் சிறை. பாட்டனார் போட்ட சட்டம். மீன் சிறுத்தால் சமைத்தவர் என்ன செய்வார் என்று யாரும் கேட்கவில்லை. சட்டம் போடுகிறவர்கள் எந்தக் காலத்தில் அடுப்படிப் பக்கம் போனார்கள்?

பாட்டனாரின் தட்டைத் தூக்க நாலு பேர் வேண்டும். பிறகு வீரபாகு கடல் மந்திரியானார். தோசைக்கல்லைச் சுரண்டுகிற மாதிரி அவருடைய வலைகள் பன்னிரண்டு மாதமும் கடலடியைச் சுரண்டின. குட்டியைக்கூட விடவில்லை. திருக்கை வருஷா வருஷம் சிறுத்தது. மந்திரி வலையை நிறுத்துவாரா? பாட்டனார் தட்டைக் கிடங்கில் போட்டுவிட்டு, வருஷா வருஷம் புதுத் தட்டைச் சிறிதாக்கினார்.

ராஜா ஒருதரம் கேட்டார்: "என்னய்யா, தட்டு சின்னதாத் தெரியுது?"

"தட்டு அதேதான் மகாராஜா. நீங்கள்தான் வளர்ந்துவிட்டீர்கள்!" என்றார் மந்திரி.

ராஜாவுக்கு ஒரே பூரிப்பு. அரண்மனை வாசல்களையெல்லாம் இடித்து உயர்த்தச் சொன்னார். உயர்த்திய பிறகும் குனிந்தே நுழைந்தார்.

இந்த வருஷம் தட்டு, சுண்ணாம்பு டப்பி மூடி அளவு. மீன் அதையும் மூடவில்லை. சுற்றிலும் தங்கம் பளபளத்தது.

"பிடி சமையல்காரனை!" என்றார் ராஜா.

சமையல்காரர் மாசிலாமணி பொன்னுருவியைப் பார்த்தார். சபையில் வாய்க்காரி என்று பேரெடுத்தவள் அவள்.

"அவரை ஏன் பிடிக்கிறீர்கள்? நீங்கள் மறுபடி வளர்ந்துவிட்டீர்கள் மகாராஜா. இல்லையா மந்திரியாரே?"

"ஆமாம், ஆமாம்!" என்றார் மந்திரி.

"இவ்வளவு வளர்ந்தவருக்கு நடுக்கடலே முழங்கால் தண்ணீர்தான். இறங்கி, நல்ல திருக்கையாக நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்களேன்."

"அட, இது எனக்குத் தோணலையே!"

நடுக்கடல். ராஜா பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். படகுக்கு வெளியே ஒரு காலை வைத்தார். மந்திரி பாய்ந்து மற்றக் காலைக் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம் மகாராஜா! மூழ்கிப்போவீர்கள்!"

"ஏன்? நான் வளரவில்லையா?"

"இல்லை... மீன்தான் சிறுத்துவிட்டது."

"எதனால்?"

"என்... வலையால்."

கரைக்கு வந்ததும் ராஜா கர்ஜித்தார்: "பாட்டனார் தட்டை ஒரு திருக்கை மூடுகிறவரை ஒரு வலையும் கடலடியைத் தொடக்கூடாது!" நாலு பேர் அந்தத் தட்டைத் தூக்கிவந்தார்கள். ராஜாவின் முகம் தொங்கிப்போனது. "அதுவரை பிறந்தநாளுக்கு இதை எது மூடும்? சட்டம் இருக்கிறதே!"

மந்திரி மன்னிப்புக் கேட்டுக் கையையும் காலையும் பரப்பித் தரையோடு தரையாகக் கிடந்தார். பொன்னுருவி தட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அளவு சரியாக இருக்கும்போலத் தெரிகிறதே."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் உருண்டது. சுண்ணாம்பு டப்பித் தட்டை அவளுக்கே கொடுத்தார். அவள் சங்கிலியில் கோத்து மாட்டிக்கொண்டாள்.

இப்போது பிறந்தநாள்தோறும் தட்டில் மந்திரி படுக்கிறார். மாசிலாமணி சுற்றிலும் கறிவேப்பிலை தூவி எலுமிச்சம்பழம் பிழிகிறார். மற்ற நாட்களில் மந்திரி கரையில் நின்று, "திருக்கைக் குட்டி எவ்வளவு வளர்ந்திருக்கு?" என்று போகிற வருகிறவர்களையெல்லாம் கேட்கிறார்.

திருக்கை நிதானமாக வளர்கிற மீன். அவருக்கு இன்னும் ஏழெட்டுப் பிறந்தநாள் பாக்கி.