ஒன்பதாவது கீறல்

அன்று காலை மடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். மடத்தின் குருவான அம்மை. கீரை உருவிக்கொண்டிருந்த சிவனணைந்தாள். சீடர் வைரவநாதன். ஊருக்குப் போயிருந்த சமையல்காரர் பொன்னுலிங்கம் பன்னிரண்டு மணி பஸ்ஸில் வந்தால் நான்கு. பூனையைச் சேர்க்கவில்லை.

வைரவநாதன் அம்மையைவிட இருபத்திரண்டு வயது மூத்தவர். மில்லில் நூல்கண்டு எண்ணி ஓய்வு பெற்றவர். கையில் ஒரு கத்தியோடு வந்து நின்றார்.

"அம்மை, ஒன்பது கீறல். பஸ் வர்றதுக்குள்ள இதைப் போக்கணும்."

"எப்படி விழுந்தது?"

"பலாப்பழம் அறுத்தேன். பிசின் போகல்ல. மணல் போட்டுத் தேய்ச்சேன்."

"பிசினுக்கு எண்ணெய்ல்லா தடவணும்," என்றாள் சிவனணைந்தாள். "மணல் போட்டு அண்டாவைத் தேய்க்கலாம் அண்ணாச்சி."

அண்டா என்றதும் வைரவநாதன் தலை குனிந்தது. போன மாதம் அண்டா அடிபிடித்தபோது, பந்தியில் எல்லார் முன்னாலும் பொன்னுலிங்கத்தைப் 'பாத்திரம் பேணத் தெரியாத ஆள்' என்று சொன்னவர் அவர்தான். அன்று முதல் பொன்னுலிங்கம் வைரவநாதனின் இலையில் சோறு போடும்போது முகத்தைப் பார்ப்பதில்லை.

கத்தியோ, அம்மை பொன்னுலிங்கத்துக்குக் கொடுத்தது. கண்ணாடி போலப் பளபளக்காது. பட்டுத்துணி போல ஒரு மங்கிய மினுக்கம். ஒரு வருடமாக அதை அவர் யாரையும் தொட விட்டதில்லை.

அம்மை கத்தியை வாங்கி வெயிலில் சாய்த்துப் பிடித்தார்.

"என்ன தெரியுது?"

"ஒன்பது கீறல்."

"இன்னும் கிட்டப் பாரும்."

வைரவநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிடியிலிருந்து முனைவரை நூலைவிட மெல்லிய கோடுகள். எண்ணத் தொடங்கினார். ஒரு நக அகலத்துக்குள் நாற்பது வந்தது. நிறுத்திக்கொண்டார்.

"எல்லாமே கீறல்தான்," என்றார் மெதுவாக.

"அப்ப ஒன்பது மட்டும் ஏன் உறுத்துது?"

"அது குறுக்கே கிடக்கு."

அம்மை உள்ளே போய் ஆறு உப்புத்தாள் கொண்டுவந்து வைத்தார். மாவு போல மிக நைசான தாள். வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வைரவநாதன் ஒரு தாளைத் தண்ணீரில் நனைத்தார். முதல் கீறலின் மேல் மட்டும் வைத்து வட்டம் வட்டமாக அழுத்தித் தேய்த்தார். கீறல் போனது. அந்த இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பளிச்சென்று ஒரு திட்டு விழுந்தது. பத்தடி தள்ளி இருந்தாலும் கண்ணில் படும்.

"கீறலைத் தூர்த்துக் குளம் வெட்டியாச்சு," என்றாள் சிவனணைந்தாள்.

அம்மை திரும்பி வந்தார். வைரவநாதனின் மணிக்கட்டைப் பிடித்துப் பிடியருகே வைத்தார். முனைவரை ஒரே இழுப்பாக இழுத்தார். கையைத் தூக்கி மறுபடி பிடியருகே வைத்தார்.

"இழுக்கணும். திருப்பித் தள்ளக் கூடாது. முழுசுக்கும்."

"கீறல் இல்லாத இடத்திலயுமா?"

"அங்கேயும்தான்."

வைரவநாதன் எண்ணியபடியே இழுத்தார். நூற்றிருபதில் திட்டு மங்கியது. முந்நூறில் கீறல் நான்கு போயிருந்தது. எழுநூற்றுப் பத்தில் எட்டு. தாள் ஐந்து தேய்ந்து கிழிந்திருந்தது. பிடியை ஒட்டி ஒன்று மட்டும் அசையவில்லை. அது ஆழம்.

மணி பதினொன்றரை. ஆறாவது தாளை எடுத்தார். அம்மை அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"அது கிடக்கட்டும்."

"பொன்னுலிங்கம் பார்த்தா?"

"பார்க்கட்டும்."

"அத்தனை பேர் முன்னால அவரைச் சொன்னவன் நான், அம்மை."

அம்மை தாளை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் ஒளிக்கக் கூடாது என்றுதான் இதை விட்டுவைக்கிறார் என்று வைரவநாதன் நினைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்குப் பஸ் வந்து நின்று போகும் சத்தம் கேட்டது.

பொன்னுலிங்கம் உள்ளே வந்து பையை இறக்கினார். வைரவநாதன் எழுந்து, அலகைத் தன் பக்கமும் பிடியை அவர் பக்கமுமாக நீட்டினார்.

"மணல் போட்டுத் தேய்ச்சுட்டேன். ஒன்பது கீறல் விழுந்தது. எட்டு போயிட்டு. ஒண்ணு போகல்ல. அண்டாவுக்காக உம்மைச் சொன்னதும் தப்பு."

பொன்னுலிங்கம் கத்தியை வெயிலில் சாய்த்தார். அவருடைய கட்டைவிரல் பிடியருகே போய் நின்றது. அங்கேயே இருந்தது.

"அண்ணாச்சி, இது நீங்க போட்டது இல்லை."

வைரவநாதன் நிமிர்ந்தார்.

"போன ஆடியில கை தவறித் தேங்காய்த் துருவி மேல போட்டுட்டேன். அம்மை குடுத்த கத்தி. சொல்லப் பயம். அதான் ஒருத்தரையும் தொட விடாம வச்சிருந்தேன்."

சிவனணைந்தாள் கீரை உருவுவதை நிறுத்தியிருந்தாள். அம்மை தண்ணீர்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பொன்னுலிங்கம் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தின் முன் உட்கார்ந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு வைரவநாதனின் முகத்தைப் பார்த்தார்.

"தாள் எத்தனை மிச்சம், அண்ணாச்சி?"

வைரவநாதன் ஜன்னல் கட்டையைப் பார்த்தார்.

"ஒண்ணு."