கிட்டங்கி வாசல்

"தாயி, நம்மள ஏமாத்துதாங்க" என்றார் பால்வண்ணன்.

லூர்தம்மாள் துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரு அண்ணாச்சி?"

"அந்த நீலச்சேலைக்காரி. செல்லக்கனின்னு பேரு. ஒவ்வொரு தடவையும் ரெண்டு பை கட்டுதா. வாரது ஒரு ஆளு. எதுக்கு ரெண்டு பை?"

"பருப்பும் எடுத்தாளா?"

"எடுத்தா."

"கல்லு பொறுக்குனதா, பொறுக்காததா?"

பால்வண்ணன் யோசித்தார்.

"பொறுக்குனது."

"அப்பம் சரி" என்று லூர்தம்மாள் அடுத்த முறத்தை இழுத்துக்கொண்டார்.

தூத்துக்குடிப் பக்கம் உப்பளங்களுக்கு நடுவே இருந்தது அந்தக் கிட்டங்கி. முன்பு உப்பு மூட்டை அடுக்கிய இடம். இப்போது அங்கே அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு, கொஞ்சம் கருவாடு. ஊரில் முடிந்தவர்கள் கொண்டுவந்து வைப்பார்கள். முடியாதவர்கள் செவ்வாயும் வெள்ளியும் வந்து எடுத்துப்போவார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

ஐப்பசி பிறந்தால் உப்புப் பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர். தை வரை வேலை கிடையாது. அந்த மூன்று மாசமும் கிட்டங்கி வாசலில் கூட்டம் நிற்கும்.

லூர்தம்மாளும் ஒரு காலத்தில் அளத்தில் உப்பு சுமந்தவர்தான். வயது ஐம்பத்திரண்டு.

பால்வண்ணனுக்கு அறுபத்தாறு. தனியார் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். மனைவி இறந்தபிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மலைகளுக்குப் போனார், மடங்களுக்குப் போனார். கடைசியில் யாரோ சொல்லி இங்கே வந்தார்.

"மனசு அடங்கணும் தாயி. ஒரு வழி சொல்லுங்க" என்றார் வந்த அன்று.

லூர்தம்மாள் ஒரு கோணூசியை நீட்டினார்.

"அந்த மூட்டை வாய் கிழிஞ்சு கெடக்கு. தைச்சுக் குடுங்க."

எட்டு மாசமாகத் தைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் இன்று மனசு கேட்கவில்லை.

"வாசல்ல ஒரு ஆள் நின்னு நாலு கேள்வி கேக்கணும் தாயி."

"கேட்டா?"

"பொய் சொல்லுதவன் வர மாட்டான்."

லூர்தம்மாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உடம்பு கொதித்தது.

அன்றைக்கே காய்ச்சலில் படுத்தார். எழுந்திருக்கப் பத்து நாள் ஆனது.

அந்தப் பத்து நாளும் கிட்டங்கி பால்வண்ணன் பொறுப்பில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை வாசலில் போய் நின்றார். முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"எந்தத் தெரு? வீட்டுல எத்தன பேரு? வேலைக்குப் போறது யாரு? போன வாரம் கொண்டுபோன அரிசி என்னாச்சு?"

பஸ்ஸின் கடைசி சீட்டு வரை கேட்ட குரல் அது. இங்கே வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்டது.

ஒருவர் பதில் சொன்னார். ஒருவர் பாதி சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். வரிசையின் பின்னால் இருந்து இரண்டு பேர் மெல்ல நகர்ந்து போனார்கள். பால்வண்ணன் அதைக் கவனித்தார். 'பாத்தியா' என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

செல்லக்கனி இரண்டு பைகளோடு வெளியே வந்தாள்.

"நில்லும்மா. எந்தத் தெரு? வீட்டுல எத்தன பேரு?"

"அளத்துக்கு அந்தப்பக்கம் அண்ணாச்சி. மூணு பேரு. நானும் பிள்ளைகளும்."

"மூணு பேருக்கு ஒரு பை போதாதா? இன்னொண்ணு யாருக்கு?"

செல்லக்கனி பைகளின் காதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு. எல்லாரும் காத்துக்கிட்டு நிக்காங்கள்லா."

பேசவில்லை.

"விக்கியா?"

அவள் ஒருமுறை அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு பைகளையும் படியில் வைத்தாள். அரிசி சரிந்துவிடாதபடி ஒன்றோடொன்று சாய்த்து வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

வெள்ளிக்கிழமை வரிசை பாதியாகிவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை பதினெட்டுப் பேர்.

மறுநாள் லூர்தம்மாள் எழுந்து வந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார்.

"பாருங்க தாயி" என்று பால்வண்ணன் அலமாரிகளைக் காட்டினார். மேல்தட்டு வரை நிறைந்திருந்தது. "எல்லாம் மிச்சம்."

லூர்தம்மாள் ஓர் அரிசிப் பையைத் தொட்டார். அடுத்த பையைத் தொட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யாருக்கு மிச்சம் அண்ணாச்சி?"

பால்வண்ணன் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"வராம போனது எத்தன பேரு?"

"இருபத்திரண்டு பேரு தாயி."

"எங்க இருக்காங்க?"

"அது எப்படி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"தெரு பேரு கேட்டீங்கள்லா? வீட்டுல எத்தன பேருன்னு கேட்டீங்கள்லா?"

"கேட்டேன்."

"ஞாபகம் இருக்கா?"

ஏறியவர் எங்கே இறங்குவார் என்பதை முப்பது வருஷம் மனசில் வைத்திருந்தவர். எல்லாம் ஞாபகம் இருந்தது. பதில் சொல்லாமல் நகர்ந்துபோனவர்களை மட்டும் அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

லூர்தம்மாள் எழுந்து இரண்டு பைகளை எடுத்து அவர் கைகளில் கைக்கொன்றாக மாட்டினார்.

"மொதல்ல எங்க போகட்டும் தாயி?"

"எந்த வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு தோணுதோ, அங்க."

மழை விடாமல் பெய்தது. உப்பளத்தைத் தாண்டி ஒரே வரிசையில் எட்டு வீடுகள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. செல்லக்கனியின் வீடு பூட்டிக் கிடந்தது.

பக்கத்து வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் வந்தது.

"செல்லக்கனி இல்ல. மீன் கம்பெனில எறால் உரிக்கக் கூப்பிட்டாங்கன்னு போயிருக்கா. யாரு அது?"

பால்வண்ணன் படியிலேயே நின்றுவிட்டார்.

அந்தக் குரலைப் பத்தொன்பது வருஷம் கேட்டிருக்கிறார். ஸ்டியரிங் பக்கமிருந்து. திருச்செந்தூர் ரோட்டில், காலையும் மாலையும்.

"சுடலைமுத்து?"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

பிறகு, "வே, பால்வண்ணனா?"

உள்ளே போனார். கயிற்றுக்கட்டிலில் சுடலைமுத்து படுத்திருந்தார். வலது கை துணிபோல் பக்கத்தில் கிடந்தது. வலது காலும் அப்படித்தான். பஸ்ஸை ஒற்றைக் கையால் வளைத்துத் திருப்பியவர். தோளெல்லாம் வற்றிப்போயிருந்தது.

"எப்பம் வே?"

"ஆச்சு, ஒண்ணரை வருஷம். வாதம். வீட்டுக்காரி இருந்தா, பாத்துக்கிட்டா. போன பங்குனில அவளும் போய்ட்டா." சுடலைமுத்து சிரிக்கப் பார்த்தார். "உக்காரும். காப்பி போட்டுத் தரத்தான் ஆளில்ல."

"சாப்டீரா?"

"ஆச்சு வே. இப்பந்தான்."

அடுப்புப் பக்கம் சட்டி கவிழ்ந்து கிடந்தது. அடியில் ஈரம் இல்லை.

பால்வண்ணன் அவர் முகத்தைப் பார்த்தார். ஒரு நொடிதான். உடனே பார்வையைத் திருப்பிச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்க்கத் தொடங்கினார்.

"எனக்குப் பசிக்கு வே" என்றார் காலண்டரைப் பார்த்தபடி. "கஞ்சி வச்சுக்கிடட்டா?"

"வையும். எனக்குக் கொஞ்சமாப் போதும்."

பால்வண்ணன் பையைப் பிரித்தார். சட்டியைக் கழுவி உலை வைத்தார். கருவாட்டை அனலில் வாட்டினார். வீடெல்லாம் மணத்தது.

சுடலைமுத்து இடது கையால் சாப்பிட்டார். முதல் தட்டில் பேச்சே இல்லை. இரண்டாவது தட்டு. மூன்றாவது தட்டில் கை கொஞ்சம் நிதானமானது.

"உம்மகிட்ட ஒண்ணு சொல்லணும் வே."

"சொல்லும்."

"அந்தச் செல்லக்கனிப் பிள்ளைய ஒண்ணும் சொல்லிராதியும். கிட்டங்கில ஒரு பை எனக்குன்னுதான் எடுத்தா. மழை பிடிச்ச நாள்ல இருந்து அவதான் கொண்டாந்து பொங்கிப் போடுதா."

பால்வண்ணன் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"கிட்டங்கில பால்வண்ணன்னு ஒரு கண்டக்டர் இருக்காருன்னு ஒரு நா சொன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. என் பேரை மட்டும் அவர்கிட்ட எடுத்துராத தாயின்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன். உமக்குத் தெனம் ரெண்டு நேரம் டீ வாங்கிக் குடுத்தவன் வே நான். உம்ம முன்னால எப்படி..."

சுடலைமுத்து தட்டைப் பார்த்துக்கொண்டார்.

"அவ சொல்லிட்டாளா?"

"இல்ல" என்றார் பால்வண்ணன். "சொல்லல."

"நல்ல பிள்ள." சுடலைமுத்து தட்டை வழித்தார். "எட்டு நாளா என்னமோ அங்க பை கெடைக்கலன்னா. பிள்ளைகளுக்கு வைக்கிற கஞ்சிலதான் எனக்கும் ஊத்துதா. நேத்து அவ குடிக்கல வே. நான் பாத்தேன். குடிச்சிட்டேன்னு சொன்னா."

வாசலில் நிழல் விழுந்தது.

செல்லக்கனி நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. இறால் உரித்த விரல்கள் வெளுத்து ஊறிப்போயிருந்தன. கையில் ஒரு சிறிய காகிதப் பொட்டலம், அரை ஆழாக்கு அரிசி இருக்கும்.

பால்வண்ணன் எழுந்துவிட்டார்.

"ஏம்மா, அன்னைக்கு நான் வாசல்ல வச்சு..."

கடைசி சீட்டு வரை போன குரல், அந்த ஓர் அறையைத் தாண்டவில்லை.

செல்லக்கனி சேலை முந்தியைப் பிழிந்தாள். அடுப்பைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நீங்க சாப்டீங்களா அண்ணாச்சி?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அழுதுவிட்டார்.

மீதி இருபத்தொரு வீட்டுக்கும் போனார். ஐந்து நாள் ஆனது.

சிலர் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். ஒரு கிழவர், "கேள்வி கேக்காம குடுப்பீரா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டினார். ஒரு பெண் பையை வாங்கினாள், முகம் பார்க்கவில்லை. ஒரு வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை. படியில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை வந்து பையை இழுத்துக்கொண்டது.

கடைசி வீட்டில் யாரும் இல்லை. புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை. பாத்திரங்களை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு முந்தாநாள் எங்கேயோ புறப்பட்டுப் போய்விட்டார்களாம். எந்த ஊர் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

அந்த ஒரு பையைத் திரும்பக் கொண்டுவந்தார்.

லூர்தம்மாள் விளக்குமாற்றால் கிட்டங்கியைப் பெருக்கிக்கொண்டிருந்தார். பால்வண்ணன் பையோடு அவர் முன்னால் நின்றார்.

"இத என்ன செய்ய தாயி?"

லூர்தம்மாள் பையைப் பார்த்தார். கையிலிருந்து வாங்கிக்கொள்ளவில்லை.

"கனக்கா?"

"கனக்கு."

"கொஞ்ச நேரம் வச்சிருங்க."

பால்வண்ணன் வைத்துக்கொண்டு நின்றார். லூர்தம்மாள் பெருக்கி முடித்தார். பிறகு வந்து பையின் ஒரு காதைத் தானும் பிடித்தார். இருவருமாக அதை அலமாரியில் ஏற்றினார்கள்.

"நாளைக்குச் செவ்வாக்கிழம" என்றார் பால்வண்ணன். "நான் வாசல் பக்கமே வர மாட்டேன் தாயி. உள்ள இருந்து மூட்டை தைக்கேன்."

"வேண்டாம். வாசல்லயே நில்லுங்க."

"நின்னு என்னத்தக் கேக்க?"

லூர்தம்மாள் கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தார். வானம் இன்னும் கறுத்துத்தான் கிடந்தது.

"உங்ககிட்ட குடை இருக்கா?"

"இருக்கு தாயி."

"ரோட்டுல இருந்து வாசல் வரைக்கும் நனைஞ்சுக்கிட்டே வாராங்க அண்ணாச்சி."